அயல்நாட்டுக் கட்டட வேலையும் நம் இளைஞர் பழக வேண்டிய முறையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கடல்கடந்து சென்று கட்டட வேலையில் அமரும் நம் இளைஞர், அவ்வேலைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ளும் முறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்குச் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச யாது தகுதி என்று சிலர் எண்ணலாம். யான் கட்டடத் தொழில் அறிந்தவன் அல்லன். ஆயினும் என்னிடம் பயின்ற மாணாக்கர் பலர் இன்று சிங்கப்பூரில் கம்பி கட்டியும், பலகை அடித்தும், சாரம் ஏறியும் பொருள் ஈட்டுகின்றனர். அவர்கள் விடுமுறையில் வந்து என் வீட்டுத் திண்ணையிலமர்ந்து கூறியனவும், அந்நாட்டு விதிகளை யான் படித்தறிந்தனவுமே இப்பேச்சிற்கு ஆதாரம். நாடுகள் பலவற்றுள் சிங்கப்பூரை எடுத்துக்கொண்டது, நம் குடும்பங்களிலிருந்து மிகுதியும் ஆள் செல்வது அங்கேயாதலின்.

நம்மவர்க்கும் அந்நகரத்துக் கட்டடங்கட்கும் உள்ள தொடர்பு நேற்றுத் தோன்றியதன்று. 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து அங்குச் சென்ற நாராயண பிள்ளை என்னும் தமிழர் செங்கற்சூளை அமைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராய் விளங்கினார். 1827இல் மாரியம்மன் கோயிலையும் நிறுவினார். 1825 முதல் அங்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியத் தண்டனைக் கைதிகள் சாலைகள் இட்டனர், பெருங்கட்டடங்களும் எழுப்பினர். 1862இல் அர்ப்பணிக்கப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கைவேலையே. அதன் உட்சுவர்க்குக் கிளிஞ்சற்சுண்ணாம்பும், முட்டை வெண்கருவும், சர்க்கரையும், தேங்காய்மட்டை ஊறிய நீரும் கூட்டிய சென்னைச் சாந்து பூசினர் என்பர். அவர்கள் காலில் விலங்குடன் சென்றனர். இக்காலத்தார் தம் விருப்பத்தாற் செல்கின்றனர். விரும்பிச் செல்வோன் கடன் என்னும் வேறொரு விலங்கைப் பூண்டு செல்லலாகாது என்பதே யான் இன்று சொல்ல வந்த செய்தி. அதனை முறையாக விளக்குவேன்.

புதிய இடத்திற்குச் சென்றவன் செய்ய வேண்டியன மூன்று. ஒன்று, உடலைப் பழக்குதல்; மற்றொன்று, கையையும் நாவையும் பயிற்றுதல்; மூன்றாவது, எதற்குப் பழகலாகாது என்பதைத் தெரிந்திருத்தல். முதல் இரண்டும் எல்லோரும் சொல்வன. மூன்றாவதைச் சொல்வார் அரியர்.

உடலை முதலிற் பார்ப்போம். 'எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த வெயில் எம்மாத்திரம்?' என்று நம் பிள்ளைகள் சொல்லிச் செல்கின்றனர். இஃது அறியாமை. நம்மூர் வெயில் பெரும்பாலும் உலர்ந்த வெயில். வியர்வை காற்றில் உலரும்போது உடல் குளிரும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை அடுத்த தீவு. அங்கே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழியுமேயன்றி எளிதில் உலராது. போதாக்குறைக்குத் தலையில் ஹெல்மெட்டும், முழுக்கைச் சட்டையும், கனத்த பூட்ஸும் அணிந்தே உழைத்தல் வேண்டும். புதிய வெப்பத்திற்கு உடல் இசைய ஒரு வாரம் முதல் இரு வாரம்வரை ஆகும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முன்னதாகவே தோன்றும். அதில் உப்புக் குறையும். இம்மாறுதல் நிகழுமுன் முழுவேலையை மேற்கொள்வோரே வெப்பநோய்க்கு மிகுதியும் ஆளாகின்றனர். ஆதலின் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டரசு ஒரு விதி செய்தது. புதிதாய் வந்தோரைக் குறைந்தது ஏழு நாள் சிறிது சிறிதாக வெப்பத்திற்குப் பழக்குதல் வேண்டும். வெயில், ஈரம், காற்று ஆகியவற்றைச் சேர்த்தளக்கும் கருவி 32 பாகையோ அதற்கு மேலோ காட்டின் கடும் உழைப்பாளர்க்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு அளித்தல் வேண்டும் என்பது அது. விடுமுறைக்கு ஊர் வந்து சில வாரம் தங்கித் திரும்புவோனும் இப்பழக்கத்தை இழந்துவிடுவான் என்பதை மறவற்க. அவனும் மீண்டும் புதியவனே.

உணவும் உறக்கமும் இதனோடு சேர்ந்தவை. பொழுது புலருமுன் கட்டிய பொட்டலச் சோற்றை நண்பகலில் உண்ணும் நிலை பலர்க்கு உண்டு. அது புளித்துப்போதலும் உண்டு. விடியுமுன் லாரியில் ஏறி வேலையிடம் போதலால் உறக்கமும் குறைகிறது. உறக்கம் குறைந்தவன் உயரத்தில் தடுமாறுவான். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்? ஆதலின் இரவில் நெடுநேரம் தொலைபேசியில் அவனை விழிக்கவைத்தல் அன்பாகாது என்பதைத் தாய்மார்கள் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இனிக் கையும் நாவும். அங்குச் செல்லுமுன் கம்பி கட்டல், பலகை அடித்தல், பூச்சு, தரை ஓடு பதித்தல் முதலிய தொழில்களுள் ஒன்றில் தேர்வு பெறுதல் பலர்க்கு இன்றியமையாதது. இதனையே நம்மூரார் 'டெஸ்ட் அடித்தல்' என்கின்றனர். தேர்வுக்கெனச் சில வாரம் கற்ற தொழில் வேறு; நாற்பது மாடிக் கட்டடத்தில் நாள்தோறும் செய்யும் தொழில் வேறு. இங்கே கொத்தனாராய்ப் பத்தாண்டு உழைத்தவனும் அங்கே கற்றுக்குட்டியே. சுவரின் பெரும்பகுதி தொழிற்சாலையில் வார்க்கப்பெற்று வந்து கிரேனாற் பொருத்தப்படுகிறது. கரணையும் தூக்குக்குண்டும் அறிந்த கை அங்கே வேறு கருவிகளைக் கற்றல் வேண்டும். இதில் நாணம் வேண்டுவதில்லை. கட்டடத் தொழிலாளர்க்குக் கட்டாயமான பாதுகாப்புப் பயிற்சியும், முதன்முறை வருவோர்க்கென 2018 முதல் நடைபெறும் ஒருநாள் அறிமுகப் பயிற்சியும் தமிழிலும் கற்பிக்கப்படுகின்றன. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று என்பதும் நம்மவர்க்கு ஒரு பேறு.

எனினும் வேலைத்தளத்தில் மேற்பார்ப்பவர் சீனராகவோ, உடன் உழைப்பவர் வங்காளதேசத்தவராகவோ இருப்பர். அங்கே நம்மவர்க்கு இருபெரும் இடர்கள் நேர்கின்றன. தலையைப் பக்கவாட்டில் அசைத்து நாம் 'ஆம்' என்கிறோம். பிறர் அதனை 'இல்லை' என்று கொள்வர். கிரேனில் பாரம் தொங்கும்போது இந்தத் தலையசைப்பு உயிரைக் கொள்ளத்தகும். ஆதலின் வரையறுத்த கைச்சைகைகளைக் கற்று, அவற்றையே வழங்குதல் வேண்டும். மற்றோர் இடர், விளங்காத கட்டளைக்கும் 'சரி, சரி' என்று சொல்லிவிடுதல். இப்பழியின் ஒரு பகுதி எம்போன்ற ஆசிரியர்பாற்பட்டது. வகுப்பில் வினவும் மாணாக்கனை வாயடக்குகிறோம். அவன் பெரியவனாகிச் சாரத்தின் மேல் நின்றும் வினவ அஞ்சுகிறான். அயல்மொழியில் நம் பிள்ளைகள் முதலிற் கற்க வேண்டிய சொற்றொடர் 'எனக்கு விளங்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்' என்பதே.

இனி மூன்றாவது. எதற்குப் பழகலாகாது? ஆபத்திற்குப் பழகலாகாது. புதியவன் அச்சத்தால் விழிப்பாயிருப்பான்; சில ஆண்டு சென்றவனோ உயரத்தை மறந்துவிடுகிறான். 'பெல்ட்' எனத் தொழிலாளர் வழங்கும் பாதுகாப்பு வாரினை உடலிற் கட்டியிருப்பான். அதன் கொக்கியை மாட்ட மாட்டான். ஒரு நிமிட வேலைக்கு எதற்கு என்பான். கட்டடத் தொழிலில் உயிர்ச்சேதத்திற்குரிய முதன்மைக் காரணங்களுள் உயரத்தினின்று வீழ்தல் ஒன்று. மூன்று மீட்டருக்கு மேல் வீழத்தக்க இடங்களில் எழுத்து மூலமான அனுமதியின்றி வேலை செய்தலாகாது என்று அந்நாட்டு விதியே கூறுகிறது.

உரிமையை இழத்தற்கும் பழகலாகாது. அங்குச் சட்டப்படி வாரத்திற்கு வேலைநேரம் 44 மணி. மிகை வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒருநாள் ஓய்வு. கூலிக்கணக்கை விவரமாக எழுதித் தருதல் 2016 முதல் முதலாளியின் கடமை. பாஸ்போர்ட்டை முதலாளி தம்பால் வைத்துக்கொள்ளுதல் குற்றம். வேலையிற் காயமுற்றால், தவறு யாருடையதென்று பாராது மருத்துவச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும், நிலைத்த ஊனத்திற்கு ஈடும் கிடைக்கச் சட்டம் உண்டு.

இத்துணைச் சட்டம் இருந்தும் காயத்தை மறைத்து வேலை செய்வோர் உளர். கூலி குறைந்தும் வாய்திறவாதோர் உளர். ஏன்? அவன் அங்குத் தங்குவதற்குரிய அனுமதி அவனுடைய முதலாளியோடு பிணைந்தது. முதலாளி அதனை நீக்கிவிடின் ஊர் திரும்ப நேரும். ஊரிலோ கடன் காத்திருக்கிறது. என் மாணாக்கன் ஒருவன் விரல் நசுங்கியதைத் துணியாற் சுற்றி மறைத்து ஒன்பது நாள் கம்பி கட்டினான். ஏனப்பா என்றேன். 'ஐயா, அம்மாவின் தாலிச்செயின் அடகில் இருந்தது' என்றான். அதற்கு மேல் யான் ஒன்றும் வினவவில்லை.

அன்பர்களே! இங்கேதான் நம் பங்கு வருகிறது. பதிவுபெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்பது 2017இல் திருத்தப்பெற்ற இந்திய விதி. நம்மவர் இலட்சக்கணக்கில் கொடுக்கின்றனர். கொடுத்த பணத்திற்குச் சீட்டும் பெறுவதில்லை. நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று, மீட்டர் வட்டிக்கு வாங்கிப் பிள்ளையை அனுப்புகிறோம். பின்னர் அவன் துணிவாய் 'இந்தச் சாரம் ஆடுகிறது. யான் ஏறேன்' என்று சொல்ல வேண்டுமென எதிர்பார்க்கிறோம். கடனாளி அதனை எங்ஙனம் சொல்வான்? சாரத்தின் மேல் அவன் நிலைகுலைவதற்குரிய காரணம் இங்கே நம் வீட்டுத் திண்ணையில் எழுதிய கடன்பத்திரத்தில் தொடங்குகிறது.

ஆதலின் இச்சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, அயல்நாடு செல்லும் எவரும் பணங்கொடுக்குமுன் முகவரின் பதிவையும், அந்நாட்டரசு முன்னதாக அனுப்பும் அனுமதிக் கடிதத்தையும் சங்கத்திற் காட்டிச் செல்லட்டும். சம்பளமும் பிடித்தமும் அக்கடிதத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்துப் பொருள் சொல்ல யான் ஒவ்வொரு ஞாயிறும் காத்திருப்பேன். இரண்டாவது, திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் உதவும் நம் சங்க நிதியில் ஒரு பகுதியை, புறப்படும் இளைஞர்க்குக் குறைந்த வட்டியில் கடனாக உதவுதல் வேண்டும். மூன்றாவது, அங்கு உழைத்துத் திரும்பியோர் புறப்படுவோர்க்கு ஒருநாளேனும் வகுப்பெடுத்தல் வேண்டும். கைச்சைகையை என்னாற் கற்பிக்க இயலாது, அவர்களால் இயலும்.

தாய்மார்கட்கு ஒரு சொல். பிள்ளை பேசும்போது 'பணம் அனுப்பினாயா?' என்று கேட்குமுன் 'கொக்கியை மாட்டினாயா?' என்று கேளுங்கள். அவன் நகைக்கக்கூடும். ஆயினும் மறுநாள் உயரத்தில் நிற்கும்போது அச்சொல் அவன் நினைவில் எழும்.