எருமை நாக்கு
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் சிமெண்ட், கம்பி என்று அறுப்பான் என்று பயந்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். நான் ஒரு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். பேர் எருமை நாக்கு. எங்கள் பாகூரில் மீன்கூடை வீட்டு வாசலுக்கு வந்தால் அம்மா முதலில் இதைத்தான் தேடுவார்.

தட்டையான மீன். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெளுப்பு. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மெல்ல நகர ஆரம்பிக்கும். மற்றத் தட்டை மீன்களில் அந்தக் கண் முழுசாக மறுபக்கம் போய்விடும். இதற்கோ உச்சந்தலை ஓரத்தோடு நின்றுவிடும். பிறகு கடலடி மணலிலும் சேற்றிலும் படுத்துக் கிடந்து, சின்ன மீன் வந்தால் லபக்கென்று பிடிக்கும்.

1801-ல் பெர்லினில் அச்சான பிளாக், ஷ்னைடர் நூலில் தரங்கம்பாடி மீனாக இது இடம்பெற்றது. நம் மீனவர் சொன்ன பேரையே வைத்தார்கள். இன்றைக்கும் இதன் அறிவியல் பெயர் ‘செட்டோடஸ் எருமெய்’ தான்!

சில வருடங்களுக்கு முன், கடலுக்குள் குழாய் பதிக்கும் வேலை ஒன்றுக்கு வரைபடம் போட்டேன். கடலடியை ஒரு கோடாக இழுத்து, ‘வெறும் மணல்’ என்று எழுதினேன். பனித்திட்டில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நாக்கு மீனு படுக்கிற எடம் தம்பி அது. ஒன் கண்ணுக்குத் தெரியலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தமா?”

சுருக்கென்றது. ஏரிப் பாசன வயலைப் பார்த்து ‘வெறும் சேறு’ என்று யாராவது சொன்னால் என் அப்பா சும்மா விடுவாரா? அந்த இரண்டு சொற்களை அழித்தேன். ஆனால் குழாயின் வழி மாறவில்லை. அந்த முடிவு என் கையில் இல்லை. இன்னும் உறுத்துகிறது.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மற்ற நாட்களில் இழுவலை அந்தத் தரையைத்தான் தேய்த்துப் போகிறது. போதாக்குறைக்கு நாமும் குழாயோடும் கல்லோடும் போகிறோம்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் வரைபடம் போடுவீர்கள். ‘வெறும்’ என்று எழுதும் முன், அந்த இடத்தில் வலை போடுகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டது தாமதமாக.