நாற்றமும் பெயரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



நறுமணங்களைத் தேடி அறிந்து சுவைப்பது பற்றிய இவ்வுரை, ஒரு சொல்லின் வீழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது. திருக்குறளின் 1274-ஆம் பாவில், அரும்பினுள் அடங்கிக் கிடக்கும் மணத்துக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘நாற்றம்’ என்பதாகும். திருமாலின் வாய்மணம் எத்தகையது என்று வெண்சங்கை வினவும் ஆண்டாள் எடுத்தாளும் வினைச்சொல் ‘நாறுதல்’ ஆகும். இன்று அதே சொல்லை மங்கையொருத்தியின் கூந்தல் மலரைக் குறித்து எவரும் சொல்லத் துணியார். நறுமணத்துக்கும் பொதுவாக இருந்த சொல், காலப்போக்கில் சாக்கடைக்கே உரியதாகிவிட்டது.

சொற்கள் பொருள் மாறுவது இயல்பே என்று இதனைக் கடந்துவிடலாம். ஆயின், இவ்வீழ்ச்சியில் ஓர் உண்மையும் உடன் மறைந்தது. நறுமணமும் தீமணமும் எப்போதும் இருவேறு பொருள்களாக இருப்பதில்லை; பல வேளைகளில் அவை ஒரே பொருளின் இருவேறு அளவுகளே. மல்லிகையின் மணத்தில் இந்தோல் என்னும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அதே பொருள் மலத்திலும் உண்டு. சிறிதளவாய் நிற்கும்போது அது மல்லிகைக்கு அந்திப்பொழுதின் ஆழத்தைத் தருகிறது. அதனை அறவே நீக்கிவிட்டால் எஞ்சுவது சோப்புக்கட்டியின் மல்லிகையேயன்றிப் பந்தலில் பூத்த மல்லிகையன்று. புனுகுப் பூனையின் சுரப்பு திரண்ட நிலையில் முகத்தைச் சுளிக்கவைப்பது. சந்தனத்தில் சிறிதே குழைத்தால் திருமேனிக்குச் சாத்தத் தகும் பூச்சாவது. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய பழந்தமிழ் மூக்கு, இன்றைய மூக்கினும் நுண்ணியது என்றே சொல்லவேண்டும்.

இவ்வுண்மையை ஏட்டறிவாக அன்றி மூக்கறிவாக அடைபவரே நறுமணச் சுவைஞர். அவரும் தொடக்கத்தில் கடையில் குப்பியைத் திறந்து, “பிடிக்கிறது”, “பிடிக்கவில்லை” என்ற இரண்டே சொற்களோடு நிற்பவர்தாம். “இது என்ன?” என்ற மூன்றாவது கேள்வி என்று பிறக்கிறதோ, அன்றே அவருடைய கல்வி தொடங்குகிறது. வெண்ணிறத் தாள்நறுக்கு ஒன்றில் ஒரு துளி. நறுக்கின் நுனியில் மணத்தின் பெயர். பக்கத்தில் ஒரு குறிப்பேடு. ஓர் அமர்வில் மூன்று மணங்களுக்கு மேல் அவர் முகர்வதில்லை. மூக்கு விரைவில் களைத்துப்போகும் புலன். களைத்தபோது தம் சட்டைக் கையையே முகர்ந்து இளைப்பாறுவார். தாளில் தேறிய மணத்தை மறுநாள் தம் மணிக்கட்டில் இட்டுப் பார்ப்பார். ஏனெனில் தாளில் ஒருவிதமாகவும் தோலில் வேறுவிதமாகவும் மணப்பது நறுமணத்தின் இயல்பு.

பொறுமையே இக்கலையின் முதற்பாடம். எலுமிச்சை, நாரத்தை இனங்களின் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகின்றன. சிறிது நேரத்தில் விடைபெற்றுவிடுகின்றன. அவை விலகியபின் ரோசாவும் மல்லிகையும் முன்வந்து சில மணி நேரம் உரையாடுகின்றன. அவையும் அடங்கியபின் சந்தனம், வெட்டிவேர், பிசின் வகைகள் ஆகியன எஞ்சி, மறுநாட் காலையிலும் ஆடையில் தங்கியிருக்கின்றன. முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு நறுமணத்தை விலைபேசி முடிப்பவர், முதலடியை மட்டும் படித்துக் கவிதைக்குத் தீர்ப்பு வழங்குபவரை ஒத்தவர். குப்பிகளை விற்போர் அந்த ஐந்து நிமிடத்தையே நம்பியிருக்கிறார்கள். சுவைஞர் அதனைத் தாண்டிக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார்.

விலையுயர்ந்த குப்பிகளே இக்கல்விக்கு வேண்டும் என்பதில்லை. நாட்டு மருந்துக் கடையின் மரத்தட்டுகள் சிறந்த பள்ளிக்கூடம். பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஏலம், இலவங்கம், சாம்பிராணி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்மூடி முகர்ந்து பெயர் சொல்லப் பழகியவர், எந்த நாட்டுக் குப்பியையும் அஞ்சாமல் திறக்கலாம். அத்தட்டுகளில் ஒன்றிலிருந்து தமிழ்ப் பெயர் ஒன்று உலகெங்கும் சென்றிருக்கிறது. வேரின் பெயராகிய ‘வெட்டிவேர்’ பிரெஞ்சு மொழி வழியாகப் பன்னாட்டு நறுமணக் குப்பிகளின் மேல் இன்றும் அச்சிடப்படுகிறது. பெயரும் மணமும் பிரியாமல் சேர்ந்தே பயணம் செய்தமைக்கு அது நற்சான்று.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடிய நன்னீரில் துவர் பத்தும், விரை ஐந்தும், ஓமாலிகை முப்பத்திரண்டும் ஊறியிருந்தன. சந்தனம், அகில், கோட்டம், தகரம், துருக்கம் என விரை ஐந்தையும் உரைகள் விரித்துக் கூறுகின்றன. தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவதற்காக இப்பட்டியலை மனப்பாடம் செய்தவர் பலர். அவருள் அகிலை ஒருமுறையேனும் புகைத்து முகர்ந்தவர் எத்தனை பேர்? பொருளை முகராமல் பெயரை மட்டும் காப்பது, வெறுங்குப்பியைத் துடைத்து அலமாரியில் வைப்பதற்கு ஒப்பாகும்.

பெயர் மட்டும் எஞ்சும் நிலைக்கு எதிரான ஒரு செயலையும் நறுமணக் கலை செய்து காட்டியிருக்கிறது. 1868-இல் வில்லியம் பெர்க்கின் கூமரின் என்னும் பொருளைச் செயற்கையாக ஆக்கினார். உலர்ந்த புல்லின் இனிமை கொண்டது அது. 1882-இல் ஊபிகான் நிறுவனத்தின் பால் பார்கே அதனைக் கொண்டு ‘ஃபூழேர் ருவயால்’ என்னும் நறுமணத்தைப் படைத்தார். ‘அரச பெரணி’ என்பது அப்பெயரின் பொருள். பெரணிச் செடிக்கோ சொல்லத்தக்க நறுமணம் ஏதும் இல்லை. மணமில்லாத ஒன்றுக்கு, அது மணந்தால் எவ்வாறு மணக்கும் என்று எண்ணி, மணம் படைத்துக் கொடுத்த செயல் கவிஞரின் செயலேயாகும். அதன்பின் ஒரு மணக்குடும்பமே அப்பெயரால் வழங்கலாயிற்று.

மணத்தைச் சொல்லில் பிடிக்க இயலாது என்று பலரும் கருதுவர். அக்கருத்து ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. மலேயத் தீபகற்பத்தின் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களிடம் அசீஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் நிகழ்த்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. நிறங்களுக்குப் பெயர் சொல்லும் அதே எளிமையோடு அம்மக்கள் மணங்களுக்கும் பெயர் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுவோர் நிறங்களைச் சுருங்கச் சொல்லி, மணங்களின் முன் தடுமாறி நீண்ட விளக்கம் தந்தனர். ஜஹாய் மொழியின் ஒரே சொல் பெட்ரோலுக்கும், புகைக்கும், வௌவால் எச்சத்துக்கும் பொதுவான ஒரு தன்மையைக் குறிக்கிறது. குறை மூக்கில் இல்லை. மொழி வழக்கில் இருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

தமிழ் இதில் ஏழையா? அடுக்களையில் நிற்போர் விடை தருவர். ‘கவிச்சி’ என்ற சொல் மீனுக்கும், பச்சை முட்டைக்கும், முட்டை ஊற்றிய பாத்திரத்துக்கும் பொது. எண்ணெய் கெட்டால் ‘சிக்கு’, மிளகாய் வறுபட்டால் ‘நெடி’, அடிப்பிடித்தால் ‘காந்தல்’, ஆட்டுக்கு ‘மொச்சை’, ஊனுக்கு ‘முடை’. இவை எவையும் பொருளின் பெயர்கள் அல்ல; மணத்தின் பெயர்களே. தீமணங்களுக்கு இத்துணைச் சொற்களைப் பேச்சுத் தமிழ் காத்து வைத்திருக்க, நறுமணங்களுக்கோ ‘வாசனை’ என்னும் ஒரே சொல்லைச் சுமைதாங்கியாக்கிவிட்டது. நறை, விரை, வெறி, கடி, முருகு என்று பழந்தமிழ் பல சொற்களை வழங்கியது. நிகண்டு நோக்கில் அவையனைத்தும் ‘மணம்’ என்ற ஒரே பொருளில் முடிகின்றன. ஒன்றுக்கொன்று இருந்திருக்கக்கூடிய நுண்வேறுபாடு, அச்சொற்களை மூக்கால் அறிந்தவர்களோடு போயிற்று.

மணம் அழிவது ஓசையின்றி நிகழும். 1917-இல் பிரான்சுவா கோத்தி படைத்த ‘ஷீப்ர்’ நறுமணத்துக்கு அடித்தளமாய் இருந்த ஓக்குமரப் பாசி, தோல் ஒவ்வாமை காரணமாக இன்று அளவு கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களுள் ஒன்று. இவ்வாறு மறையும் நறுமணங்களைக் காக்கவே 1990-இல் வெர்சாயில் ‘ஓஸ்மோதெக்’ என்னும் காப்பகம் தோன்றியது. அங்கே குப்பிகள் இருளில், 12 பாகை குளிரில், ஆர்கான் வாயுவின் காப்பில் வைக்கப்பட்டுள்ளன. மலர்களுக்கும் இத்தகைய காவலர் உண்டு. அருகிவரும் செடிகளின் பூக்களைச் சூழ்ந்த காற்றைப் பிடித்து ஆராய்ந்த சுவிட்சர்லாந்து வேதியியலறிஞர் ரோமன் கைசர், மறைந்துவரும் அம்மணங்களைப் பற்றி 2011-இல் ஒரு நூலையே வெளியிட்டார்.

தமிழகத்திலும் மலர்களைக் காத்த ஒருவர் இருந்தார். 1889-இல் பத்துப்பாட்டை வெளியிட்ட உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் சிலவற்றின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றைத் தருமபுர ஆதீனத்து ஏடுகளில் தேடிக் கண்டெடுத்த வரலாற்றை ‘உதிர்ந்த மலர்கள்’ என்ற தலைப்பில் அவரே எழுதியுள்ளார். உதிர்ந்த பெயர்களை அவர் எடுத்துச் சேர்த்தார். அப்பெயர்களுக்கு உரிய மணங்களை எடுத்துச் சேர்க்கும் பணி பின்வந்தோருக்கு மிச்சம் இருக்கிறது.

கவிதை இயற்றுவோர் கூடிய இவ்வட்டத்துக்கு அப்பணியில் உரிய பங்கு உண்டு. பத்தாண்டுகளாக இங்கே காட்சிகளும் ஓசைகளும் பாடல்களாகியிருக்கின்றன. அடுத்த பத்தாண்டில் மூக்குக்கும் ஓர் இடம் அமையட்டும். ‘நறுமணம் கமழ்ந்தது’ என்று எழுதி நகர்வதற்கு முன், எந்தப் பூ, எந்த வேளை, எத்தனை தொலைவு, எதனோடு கலந்து என்று ஒரு நொடி நின்று முகர்வது போதும். கண்மூடி முகர்ந்த ஒன்றுக்குப் பொருத்தமான சொல் கிடைக்கும்வரை காத்திருப்பதே சுவைஞரின் பயிற்சி. கவிஞரின் பயிற்சியும் அதுவே. அவ்வாறு முகர்ந்து எழுதுவோர் கையில், வீழ்ந்த ‘நாற்றம்’ என்னும் சொல்லும் ஒருநாள் மல்லிகைப் பந்தலின் கீழ் மீண்டும் வந்து நிற்கக்கூடும்.