கரியைக் கனலே தின்னும்



குயவர் சூளையில் அடுக்கிய பானைகள் முதற்புகையில் கருத்துப் போகும். கனல் ஓங்கியபின் அக்கருமை எரிந்து செம்மை மீளும். தீசல் ஊர்தியின் புகைக்குழாயிலும் நிகழ்வது இஃதே. (தீசல் என்பது அப்பொறியைப் புனைந்த செருமானியரின் பெயர், மொழிபெயர்க்க வேண்டா, தமிழெழுத்தால் எழுதினாற் போதும்.)

2020 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 நெறியின்பின், இவ்வூர்திகளில் தேனடை போன்ற வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைக்கின்றது. உயிர்வளியில் அக்கரி எரிய 550 முதல் 600 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். புகையிலேயே உள்ள நைட்டிரசன் ஈராக்சைடு துணைநின்றால் 250 பாகைக்கு மேல் மெல்ல எரியும்.

செங்கற்பட்டு நெரிசலில் ஊர்ந்து நிற்கும் ஊர்திக்கு அவ்வெப்பம் ஏது? கரி சேர்ந்துகொண்டே போகும். திருக்கழுக்குன்றம் கடந்து, மாமல்லபுரத்துக் கடற்கரைச் சாலையில் விரையுங்கால்தான் அது கரையத் தொடங்கும். வெப்பம் போதாவிடில் பொறியே மிகையெண்ணெய் செலுத்திக் கனலேற்றும். எச்சரிக்கை விளக்கு ஒளிரக் கண்டும் இடையிலே பொறியை அணைத்தல் பேதைமை. மிகுந்த கரி ஒருசேரப் பற்றினால் வெப்பம் 1000 பாகை கடந்து வடிகட்டியே பிளந்துவிடும்.

கரி எரிந்தாலும் மசகெண்ணெயின் நீறு எஞ்சும். அதனைப் பணிமனையில் கழற்றியே அகற்றல் வேண்டும். அச்செலவுக்கு அஞ்சி வடிகட்டியையே அறுத்தெறிவோர் உளர். அறுத்தபின் அக்கரி எங்கே போகும்? சாலையோரம் மீன்விற்கும் தாய்மாரின் நெஞ்சுக்குள் போகும். தீசற்புகை புற்றுநோய் விளைப்பதென உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2012-இலேயே அறிவித்துவிட்டது.