தேகத்தின் காவலும் கிராமத்தின் பொறுப்பும்

(கூட்டுறவு நாணயச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



புதுக்கோட்டைச் சீமையில் கருவேல முள் தைக்காத கால் அரிது. முள் தைத்த இரண்டொரு நாளில் அவ்விடம் சிவந்து, வீங்கிச் சூடேறுகிறது. சில சமயம் சீழும் கட்டுகிறது. இது கண்டு குடியானவர் வருந்துவர். ஆயினும் அவ்வீக்கம், தேகத்தின் காவற்படை அங்கே போர் புரிகின்றது என்பதற்கு அடையாளமேயாகும்.

1882-ஆம் வருஷத்தில் மெச்னிகாவ் என்னும் ருஷிய சாஸ்திரி, இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், நட்சத்திரமீனின் தெளிந்த குஞ்சு ஒன்றின் உடலில் ரோஜா முள்ளைச் செலுத்தினார். மறுநாட் காலையில், உடலினுள் திரியும் அணுக்கள் பல வந்து அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். மனித இரத்தத்தின் வெள்ளணுக்களுள் பலவும் இத்தொழிலையே செய்கின்றன. கிருமிகளை விழுங்கி மடிந்த அவ்வணுக்களின் திரளே பெரும்பாலும் சீழாகின்றது. இவ்வாராய்ச்சிக்காக 1908-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

திருமயம் கோட்டைக்கு ஒன்றனுள் ஒன்றாக மதில்கள் அமைந்தது போலத் தேகத்திற்கும் காவல்கள் அடுக்கடுக்காக உள்ளன. முதல் மதில் தோல். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கிருமிகளை அழிக்கும் பொருள் உண்டு. மூக்கின் சளி தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. இரைப்பையின் அமிலம், உணவோடும் நீரோடும் வரும் கிருமிகளிற் பலவற்றைக் கொல்லுகிறது. இவற்றையெல்லாம் கடந்து வரும் பகையை எதிர்க்கவே, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கின்றன.

பெரியம்மை கண்டு பிழைத்தவரை அது மீண்டும் தீண்டுவது அரிது என்பதை முதியோர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வெள்ளணுக்களில் ஒரு வகை, வந்த கிருமிக்கு ஏற்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. போர் ஓய்ந்த பின்னும் அவற்றுட் சில, சங்கக் காரியதரிசியின் பேரேடு போல, அப்பகையின் அடையாளத்தைக் காத்து வைக்கின்றன. நோயின்றியே இப்பேரேட்டில் பதிவு செய்யும் வழியே தடுப்பூசி. பால் கறக்கும் பெண்களுக்கு வரும் மாட்டம்மையைக் கொண்டு 1796-இல் ஜென்னர் இதனை நிறுவினார். 1802-இல் பம்பாயில் ஒரு குழந்தைக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை பரவவில்லை. 1980-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

குழந்தைக்கு முதல் காவலைத் தருபவள் தாய். சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் நிறைந்துள்ளன. அதனைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, களஞ்சியத்து விதைநெல்லைத் தெருவில் இறைப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் எல்லாப் பகையையும் தேகம் தானே நினைவில் வைப்பதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் ரணஜன்னிக் கிருமி, முள் தைத்த ஆழமான புண்ணின் வழியே புகுந்து விஷத்தைச் சுரக்கிறது. உயிரைக் கொல்லவல்ல அவ்விஷத்தின் அளவு மிகச் சிறியது; ஆதலின் பேரேட்டில் அது பதிவதில்லை. அந்நோய் கண்டு பிழைத்தவருக்கும் ஊசி வேண்டியதே. புண்ணிலும் தொப்புட்கொடியிலும் சாணமோ சாம்பலோ அப்புவது பகைவனுக்குக் கதவைத் திறப்பதாகும். கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டதாலும் பிரசவத்தில் சுத்தம் பேணியதாலும், இந்நாட்டில் சிசுக்களின் ரணஜன்னி வெகுவாக ஒடுக்கப்பட்டதென 2015-இல் உறுதிசெய்யப்பட்டது.

ரணஜன்னி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. எனவே அவரவர் ஊசியே அவரவருக்குக் காவல். தட்டம்மையோ அவ்வாறன்று. அதற்குரிய முதல் ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. இரண்டாவது, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள். ஒன்பது மாதம் நிறையாத சிசுவைக் காப்பது யார்? சுற்றியுள்ளோரே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காவல் பெற்றிருப்பின், நோய் பரவ வழி காணாது. ஒருவர் தவணை தவறினால் சங்கம் முழுவதும் நஷ்டப்படுவதை அங்கத்தினர் அறிவர். இங்கே அந்நஷ்டத்தைச் செலுத்துவது அண்டை வீட்டுத் தொட்டிற் குழந்தை.

1912-இல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த சீமை இது. இச்சீமையின் கிராமங்கள் இவ்விஷயத்திற் பின்தங்குதல் தகாது. மாதக் கூட்டத்தில் தவணை பாக்கி வாசிக்கப்படும்போது, ஊசி பாக்கியையும் விசாரிப்பது நலம். குழந்தையின் ஊசி அட்டை கடன் பத்திரத்திற்குக் குறைந்ததன்று. கடனுக்கு வாய்தா கிடைக்கும். கிருமி வாய்தா தருவதில்லை.