கொதிநிலையும் மலையேறிய காரும்

(திருவெறும்பூர் ஒன்றிய அறிவியல் ஆசிரியர்களுக்காகத் துவாக்குடியில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் பேசியது)



ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்தும்போது, "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டால் வகுப்பே 100 என்று சொல்லும். விடை தப்பில்லை, ஆனால் பாதி விடைதான். மீதியைச் சொல்லித்தர நான் ஒரு பழைய காரை எடுத்துக்கொள்கிறேன்.

1908இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் 40/50 குதிரைத்திறன் கார் ஒன்று, 'கிழக்கின் முத்து' என்ற பெயரோடு பம்பாய்க்கு வந்தது. பம்பாய் - கோலாப்பூர் சோதனை ஓட்டத்தில் கலந்துகொண்டது. 620 மைல், வழியில் ஆறு மலைக்கணவாய்கள். பழுதாகி எங்கும் நிற்காமல் ஓடி முடித்தது. பிறகு குவாலியர் மகாராஜா அதை வாங்கினார். மகாராஜா கதையைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த மலைதான்.

சோதனைக்கு ஏன் மலை? சமதளத்தில் வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் இன்ஜின் முழுப் பலத்தோடு உழைக்கும். வண்டியோ ஊர்ந்துதான் போகும். வெப்பம் அதிகம், காற்று குறைவு. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். அக்கால ரேடியேட்டரில் அழுத்த மூடியும் கிடையாது. உள்ளே இருந்தது வெறும் வளிமண்டல அழுத்தம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் 1 டிகிரி இறங்கும். ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். தண்ணீர் ஆவியாகித் தீர்ந்தால் பிஸ்டன் இறுகி இன்ஜின் நின்றுவிடும். எவ்வளவு வேகம் போகும் என்பதைவிட, கொதிக்காமல் ஏறுமா என்பதே அன்று வாங்குபவருக்குப் பெரிய கேள்வி.

இன்றைய வண்டியில் கதை தலைகீழ். மூடி, ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அளவு அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கிறது. அதனால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிப்பதில்லை. ஆனால் சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் விழும். 100க்கு மேல் இருந்த தண்ணீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். என் மாணவன் ஒருவன் தன் மாமா கையில் உள்ள தழும்புக்குக் காரணம் இதுதான் என்று அன்று எழுந்து சொன்னான். தஞ்சாவூர் சாலையில் நிற்கும் லாரிகளையும் சிட்கோ பட்டறைகளையும் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். ஓட்டுநராக, மெக்கானிக்காகப் பலர் போவார்கள். தேர்வுக்கு வராவிட்டாலும் இதை நான் விடாமல் நடத்துவது அதற்காகத்தான்.

செய்துகாட்ட ஊசியில்லாத சிரிஞ்சு போதும். கையைச் சுடும் அளவு வெந்நீரைக் கால்வாசி இழுத்து, முனையை ரப்பர் மூடியால் அடைத்து, தண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் குமிழிவிட்டுக் கொதிக்கும். வெந்நீர் என்பதால் ஆசிரியரே செய்வது நல்லது. பின்வரிசைப் பிள்ளைகளையும் அருகில் கூப்பிடுங்கள். குமிழி சிறியது, தூரத்திலிருந்து தெரியாது.

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது, அந்த 1908 காருக்கு மலை ஏன் கடினம் என்று மூன்றையும் ஒரே வினாவாகக் கேட்டுப் பாருங்கள். ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம். மனப்பாடம் செய்து எழுத முடியாது.