முகமறியா நேயர்கள்

1952-க்குப் பின் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி திரையிசையைப் பெரிதும் ஒதுக்கி வைத்தது. கேட்போர் இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவிதபாரதி தோன்றியது. ‘நேயர் விருப்பம்’ என்றதும், ஒருவர் கேட்கும் பாடலை ஊரார் அனைவரும் கேட்கும் விந்தை பழகிப்போயிற்று.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியனாயிருந்தபோது, வகுப்பில் அத்தகைய அஞ்சலட்டை எழுதிய மாணவனொருவனின் அட்டையைக் கிழித்தெறிந்தேன். “ஊர் பேர் தெரியாதவர்களுக்கு உன் விருப்பம் எதற்கு?” என்றும் கடிந்தேன். (அந்நாளில் அதுவே கண்டிப்பு எனப்பட்டது.)

ஓய்வு பெற்றபின் என் மனைவி காலமானார். உறக்கம் என்னை விட்டகன்றது. தாலாட்டுக்குரிய நீலாம்பரி இராகத்தில் ஒரு பாடல் வேண்டி, காரணத்தையும் குறித்து, நிலையத்துக்கு நானே எழுதினேன். பாடல் ஒலித்தது. சின்னாட்களில் நிலையத்தின் வழியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நான் கண்டறியாத நெசவாளர். நீலாம்பரி அவருக்கும் உயிராம். “பகலுறக்கத்தை விடுங்கள், மாலையில் நடவுங்கள், இரவில் தனியே உண்ணாதீர்கள்” என்றிருந்தது. முதலிரண்டையும் செய்து வருகிறேன். மூன்றாவதற்கு அண்டை வீட்டாரை நாட இன்னும் கூச்சம்.

அவருக்கு மறுமொழி எழுத அஞ்சலட்டை வாங்கி வந்தேன். அம்மாணவன் கேட்டிருந்த பாடல் எது என்று அன்று நினைத்துப் பார்த்தேன். படித்துப் பாராமலே கிழித்திருக்கிறேன்.