எந்தப் பொன்னியின் செல்வன்?



மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்கால்களில் இறங்கியிருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குக் காதோலை, கருகமணி, காப்பரிசி எல்லாம் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போகும் நாள் நெருங்குகிறது. தமிழின் மிகப் பெரிய சரித்திரக் கதை ஒன்று இந்த நாளில்தான் தொடங்குகிறது. வீராணம் ஏரிக்கரையில் புதுவெள்ளம் பார்க்கக் கூடிய கூட்டத்தின் நடுவே, வாணர் குலத்து இளைஞன் ஒருவன் களைத்த குதிரைமேல் வருகிறான். கல்கியின் பொன்னியின் செல்வனைத்தான் சொல்கிறேன் என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

மணிரத்னம் இயக்கத்தில் அந்தக் கதையின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் திரைக்கு வந்தன. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தில் தாத்தா பாட்டி தொடங்கிப் பேரப்பிள்ளைகள்வரை குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். வெளியே வந்ததும் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. இன்றுவரை அது ஓயவில்லை. தொலைக்காட்சியில் படம் ஓடுகிற ஒவ்வொரு முறையும், 'இதையெல்லாம் நெடுந்தொடராக எடுத்திருக்க வேண்டும், அப்போதுதான் கதை முழுசாக வந்திருக்கும்' என்று யாராவது ஒருவர் சொல்வார். உடனே இன்னொருவர் மறுப்பார்.

இந்த வாக்குவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு கதையை இவ்வளவு உரிமையோடு பேசும் வாசகர்கள் கிடைப்பது எந்த மொழிக்கும் பெரும் பேறு. ஆனால் பேச்சைத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால், இந்த வாதம் நம்மை இன்னும் வெகுதூரம் கொண்டுபோகும் என்று நம்புகிறேன். படம் மாற்றிவிட்டது என்கிறோமே, எதை மாற்றிவிட்டது? கல்வெட்டில் இருப்பதையா? கல்கி எழுதியதையா? நாம் படித்தபோது மனத்தில் வரைந்துகொண்டதையா?

முதலில் கதை வந்த விதத்தைப் பார்ப்போம். கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி இந்த மண்ணின் பிள்ளை. 1899-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்தில், மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்தவர். பொன்னியின் செல்வன் அவருடைய வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம்வரை வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகங்கள். அது முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி மறைந்தார். மூன்றரை ஆண்டுக் காலம் வாசகர்கள் ஒரு வாரம் படித்தார்கள், அடுத்த இதழ் வரும்வரை அதையே பேசினார்கள். நந்தினி யார், ஊமை ராணிக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுத் திண்ணைகளில் ஆராய்ந்தார்கள். ஆக, வாதம் செய்யும் பழக்கத்தைப் படம் கொண்டுவரவில்லை. கதை பிறந்தபோதே அதுவும் கூடப் பிறந்துவிட்டது.

திரைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவும் பழையது. 1958-இல் எம்.ஜி.ஆர். இதைப் படமாக எடுப்பதாக அறிவித்தார். பின்னாளில் பெரிய இயக்குநரான மகேந்திரன் அதற்குத் திரைக்கதை எழுதினார். படம் கைகூடவில்லை. பிறகு கமல்ஹாசன் முயன்றார். மணிரத்னமும் ஒரு முறைக்கு மேல் தொடங்கிக் கைவிட்டார். 1999-இல் சென்னையில் மேஜிக் லேன்டர்ன் குழு இதை மேடை நாடகமாக்கியது. அந்த நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேல்தான் மணிரத்னம், ஜெயமோகன் இருவரோடும் சேர்ந்து திரைப்படத்திலும் பணியாற்றினார். இணையத் தொடராக எடுக்கப்போவதாகவும் 2019-இல் ஓர் அறிவிப்பு வந்தது.

கல்கிக்கும் திரை அந்நியமானதன்று. 1939-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த தியாகபூமி, கல்கியின் கதை. அது ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே பக்கங்களில் இடம்பெற்றன. ஒரே கதை ஏட்டிலும் திரையிலும் ஒரே சமயத்தில் வளர்வதைக் கண்ணால் பார்த்த எழுத்தாளர் அவர். தம் கதை திரைக்குப் போவதைக் கண்டு அவர் மிரண்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இனி, வாதங்களுக்கு வருவோம். நான் அடிக்கடி கேட்டவை நான்கு. கதை வீராணத்தில் தொடங்காமல் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. சம்புவரையர் மகள் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற திருப்பம் காணாமல் போய்விட்டது. கரிகாலன் சாகும் இடத்தில் கல்கி விளக்கை அணைத்து மர்மமாக விட்டதைப் படம் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது.

மூன்றாவதை எடுத்துக்கொள்வோம். 'சரித்திரத்தையே மாற்றிவிட்டார்கள்' என்று ஆத்திரப்படுகிறவர்கள் உண்டு. கல் என்ன சொல்கிறது? மதுராந்தகன் என்கிற உத்தம சோழர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். செம்பியன் மாதேவி தம்மை உத்தம சோழரைப் பெற்றவர் என்றே கல்வெட்டுகளில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். குழந்தை மாறிய கதை எந்தக் கல்லிலும் இல்லை. அது முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆகவே அந்தத் திருப்பத்தை விட்டதால் சரித்திரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, சரித்திரத்துக்கு ஓரடி பக்கத்தில்கூடப் படம் போயிருக்கிறது.

அதற்காக வாசகரின் வருத்தம் பொய்யாகிவிடாது. கல்கியின் கதையில் தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டும் இளைஞன் சோழ சிங்காதனம் ஏறுகிறான். கோடிக்கரையில் படகு விடும் பூங்குழலி, கடல்தான் தன் உலகம் என்று இருந்தவள், அவனோடு ராணியாகிறாள். பூக்கூடையும் துடுப்பும் பிடித்த கைகளுக்கு அரியணை கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்த எழுத்து அது. குடியாட்சி வந்த ஆண்டில் தொடங்கிய தொடருக்கு அந்த நினைப்பு எவ்வளவு பொருத்தம்! அது போனதுதான் உண்மையான இழப்பு. அதைச் சரித்திரத்தின் பேரால் பேசாமல் கல்கியின் பேரால் பேசினால் வாதம் வலுவாக நிற்கும்.

கரிகாலன் கதையில் நிலைமை வேறு. அங்கே கல் பேசுகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் உடைமைகள்வரை பறிமுதலானதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் ஐயப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல் காட்டிய அந்த மௌனத்தில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். விளக்கை அணைத்ததும் அதனால்தான். பின்னால் யார் இருந்தார்கள் என்று கல்லே சொல்லாத இடத்தில் தாமும் சொல்லாமல் விட்டார். படம் அந்த இடத்தை வேறு விதமாக, காதலின் முடிவாகக் கண்டது. பார்த்தவர்களை அது உலுக்கியது உண்மை. என் மனம் என்னவோ இருட்டாகவே விட்ட கல்கியின் பக்கம்தான் சாய்கிறது. நாவலை மூடிய பிறகும் எழுபது ஆண்டுகளாக நம்மைப் பேச வைத்தது அந்த இருட்டல்லவா?

கல்கியும் சரித்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மர் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் பிக்ஷுக்களிடம் அடைக்கலமாகிறார் அல்லவா? ஆனைமங்கலச் செப்பேட்டின்படி அந்த விகாரம், அருள்மொழி ராஜராஜனாகி ஆண்டபோது கடாரத்து அரசர் எடுத்தது. இளவரசராக அவர் அங்கே படுத்திருக்க முடியாது. கதைக்கு வேண்டும் என்பதால் கல்கி அதைப் பல ஆண்டுகள் முன்னே கொண்டுவந்தார். அந்த உரிமையை அவருக்குக் கொடுத்த நாம், திரைக்கதை எழுதுபவருக்கும் ஓரளவு கொடுக்கத்தான் வேண்டும். எடுத்துக்கொண்ட உரிமைக்கு ஈடாக என்ன தந்தார் என்று கேட்பதே நியாயமான கேள்வி.

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளில் கடைசியானது, நம் மனத்தில் இருக்கும் படம். அது நாம் தனியாக வரைந்ததன்று. வாரந்தோறும் ஓவியர் மணியம் வரைந்த குந்தவையின் கொண்டை, நந்தினியின் கண், வந்தியத்தேவனின் நிமிர்வு இவையெல்லாம் சேர்ந்து வரைந்தது. திரிஷாவையும் ஐஸ்வர்யா ராயையும் கார்த்தியையும் பார்த்துப் பொருத்தமா என்று நாம் வாதிட்டபோது, மணியத்தின் கோடுகளோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். இங்கே யாரும் யாரையும் வெல்ல முடியாது. பாட்டியின் குந்தவை வேறு, பேத்தியின் குந்தவை வேறு. இருவரும் அன்போடு அதை ஒத்துக்கொள்ளலாம்.

உலகமெங்கும் இந்த வாதம் இருக்கிறது. டோல்கீனின் மோதிரங்களின் தலைவன் கதையைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் மூன்று படங்களாக எடுத்தார். டாம் பாம்பாடில் என்ற பாத்திரத்தை விட்டுவிட்டார் என்று வாசகர்கள் இன்றும் குறைப்படுகிறார்கள், நம்மவர்கள் மணிமேகலைக்காகக் குறைப்படுவதுபோல. அதே உலகத்தைக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் நம் படம் வந்த அதே 2022 செப்டம்பரில்தான் வெளியானது. அங்கும் பெரும் வாதம் எழுந்தது. ஆனால் அந்த வாசகர்களுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. டோல்கீனின் நாட்டுக்கு யாரும் போக முடியாது. படம் பிடித்த நியூசிலாந்துக்குத்தான் போகிறார்கள். நம் கதையின் ஊர்களுக்குக் கும்பகோணத்திலிருந்து பேருந்து போகிறது.

படத்தின் பெரும்பகுதி ஐதராபாத்திலும் தாய்லாந்திலும் மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர் போன்ற இடங்களிலும் எடுக்கப்பட்டது. நம் மாவட்டக்காரர்களுக்கு அதில் ஓர் ஆதங்கம் உண்டு. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கதை நடக்கும் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் இல்லை, அது 1010-இல்தான் நிறைவடைந்தது. சோழர் மாளிகைகளோ செங்கல்லும் மரமுமாக இருந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. படம் எடுக்க இங்கே கோட்டை கிடையாது. ஆனால் படிக்க இங்கே கல் இருக்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ப் பக்கம் மேலப்பழுவூருக்குப் போனால் பழுவேட்டரையர்கள் எடுத்த கோயில்களைப் பார்க்கலாம். வில்லன்களாகவே நாம் நினைக்கும் அந்தக் குலத்தில் பிறந்த பஞ்சவன் மாதேவி ராஜராஜனின் மனைவி. சிற்றன்னையான அவருக்கு ராஜேந்திரன் எழுப்பிய பள்ளிப்படை பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில், பழையாறை எல்லைக்குள்ளேயே இருக்கிறது. கோனேரிராஜபுரத்தில், மறைந்த கணவர் கண்டராதித்தர் பேரால் செம்பியன் மாதேவி எடுத்த கற்றளியில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகவே குறிக்கப்படுகிறார். தன் அக்காள் கொடுத்த கொடைகளையும் தன்னுடையவற்றோடு கல்லில் வெட்டச் சொன்ன தம்பி ராஜராஜன். கல்கி எழுதிய அக்காள் தம்பிப் பாசத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

நாளை யாராவது இதை நெடுந்தொடராக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். வாரம் ஒரு முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லப்பட்ட கதைக்கு அந்த வடிவம் பொருந்தும். அப்போது நம் பக்கத்து ரசிகர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. நந்தினிக்கு யார் நடிப்பது என்பதோடு நின்றுவிட வேண்டாம். படகோட்டிக்கும் பூக்காரனுக்கும் உரிய இடத்தைக் கேட்போம். கொள்ளிடத்தில் கரை உடைந்து பெரிய பழுவேட்டரையரையே அடித்துக்கொண்டு போகும் வெள்ளத்தைக் கேட்போம். ஆறு இந்தக் கதையில் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. அதற்குச் சோழ நாட்டு அரசர்களைவிட வலிமை அதிகம். டெல்டாவில் வெள்ளமும் வறட்சியும் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம்தான் படமெடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில் வாதம் நடக்கட்டும், இளையவர்களும் அதில் கலந்துகொள்ளட்டும். இது கல்லில் இருக்கிறதா, கல்கி சொன்னாரா, நான் நினைத்துக்கொண்டதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பிரித்துக் கேளுங்கள். கல்லில் இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால், ஒரு விடுமுறை நாளில் அவர்களை உடையார்குடிக்கோ கோனேரிராஜபுரத்துக்கோ அழைத்துப் போங்கள். கல்வெட்டைத் தடவிப் பார்த்த பிள்ளை, அடுத்த படம் வரும்போது நம் எல்லோரையும்விட நல்ல கேள்வி கேட்கும்.